68 டிகிரியில் நின்றுபோன கறி

கறியை மரப்புகையில் வேகவைக்கும் பெல்லட் கிரில் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. இதுவரை பதினொரு முறை சமைத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் மூன்று விஷயங்களை எழுதி வைத்தேன்: மணி, கிரில்லின் சூடு, கறியின் உள்சூடு. அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம். பெல்லட் என்பது மரத்தூளை நெருக்கிப் பிழிந்து செய்த சிறு குச்சி. தடிமன் சுமார் 6 மில்லிமீட்டர் இருக்கும். நல்ல பெல்லட்டில் பசை எதுவும் சேர்ப்பதில்லை. மரத்திலேயே இருக்கும் லிக்னின் அழுத்தத்திலும் சூட்டிலும் இளகி, தூளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. கிரில்லின் பக்கவாட்டில் இருக்கும் ஹாப்பர் என்ற பெட்டியில் இதைக் கொட்டினால், ஆகர் என்ற திருகுத்தண்டு மெல்ல மெல்லத் தள்ளி நடுவில் இருக்கும் தீச்சட்டியில் போடும். பற்றவைக்க ஒரு சூடேறும் கம்பி, காற்று ஊத ஒரு விசிறி. கன்ட்ரோலர் சூட்டை அளந்து, குறைந்தால் கூடுதலாகப் பெல்லட் தள்ளச் சொல்லும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ ட்ரேகர் என்பவர் இப்படி ஒரு கிரில்லை உருவாக்கி 1986-இல் காப்புரிமை வாங்கினார். இன்று விற்கும் பெரும்பாலான பெல்லட் கிரில்களும் அடிப்படையில் அதே வேலையைத்தான் செய்கின்றன.

சூட்டை அதுவே பார்த்துக்கொள்வதால், நமக்கு வேலை இல்லை என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் கிரில் பார்த்துக்கொள்வது கிரில்லின் சூட்டை மட்டும். கறிக்குள் என்ன நடக்கிறது என்பதை நாம்தான் கவனிக்க வேண்டும்.

முதல் சமையல் கோழித் தொடை. 107 டிகிரி செல்சியஸில் வைத்தேன். உள்சூடு 74 வந்ததும் எடுத்துவிட்டேன். பாதுகாப்புக்கு அது போதும், ஆனால் தோல் ரப்பர்போல இழுத்தது, எலும்பை ஒட்டிய சதை சவசவ என்று இருந்தது. தொடைக்கறியில் இணைப்புத்திசு அதிகம். 80 டிகிரியைத் தாண்டினால்தான் அது இளகும். இரண்டாவது முறை முந்தின இரவே உப்பு தடவி (கறியின் எடையில் ஒரு சதவீதம்), மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் தோல் காகிதம்போல உலர்ந்திருந்தது. முதல் முக்கால் மணி நேரம் குறைந்த சூட்டில் புகை, அப்புறம் 200 டிகிரிக்கு ஏற்றி, உள்சூடு 83 வந்ததும் எடுத்தேன். கடித்தால் தோல் நொறுங்கியது. இன்று வரை கோழிக்கு இந்த முறையை மாற்றவில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: புகையில் வெந்த கோழி எலும்போரம் இளஞ்சிவப்பாக இருக்கும். வேகவில்லையோ என்று பயப்பட வேண்டாம். நிறத்தை நம்பாதீர்கள், தெர்மாமீட்டரை நம்புங்கள்.

நான்காவது முறைதான் பெரிய சிக்கல். ஹாப்பரில் பாதிப் பெல்லட்டை அப்படியே விட்டிருந்தேன். இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் ஆட்டு முன்னங்காலை வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, சூடு 110-லிருந்து இறங்க ஆரம்பித்தது. 95, 80, 66. மோட்டார் முனகுகிறது, தண்டு சுற்றவில்லை. ஹாப்பரை வழித்துப் பார்த்தால், அடியில் பெல்லட்டே இல்லை. ஈரம் பட்டு ஊதி, பிசைந்த மாவுபோல ஆகி, ஆகர் குழாய்க்குள் இறுகிப்போயிருந்தது. கறியை வீட்டு ஓவனுக்கு மாற்றிவிட்டு, கிரில் ஆறிய பிறகு தண்டைக் கழற்றி, ஒரு நீள ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி எடுத்தேன். இரண்டு மணி நேரம் ஆனது.

அன்று தெரிந்துகொண்ட இன்னொன்று முக்கியமானது. தீ அணைந்த கிரில்லை அப்படியே மறுபடி ஆன் செய்யக்கூடாது. எரியாத பெல்லட் தீச்சட்டியில் குவிந்திருக்கும். அது மொத்தமாகப் பற்றினால் தீ மூடிவரை எழும். முதலில் சட்டியைக் காலி செய்து, சாம்பலையும் அள்ளிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். அதேபோல சமையல் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கக் கூடாது. முறைப்படி அணைத்தால் விசிறி சில நிமிடம் ஓடி, சட்டியில் மிச்சம் இருப்பதை எரித்து முடிக்கும். இல்லாவிட்டால் கனல் ஆகர் குழாய்க்குள் பின்னோக்கி ஏற வாய்ப்புண்டு. இப்போது ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் ஹாப்பரைக் காலி செய்து, பெல்லட்டை இறுக்கமாக மூடும் வாளியில் போட்டுவிடுகிறேன். போடும் முன் ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்ப்பேன். படக்கென்று ஒடிந்தால் நல்ல பெல்லட். வளைந்து உதிர்ந்தால் ஈரம் ஏறிவிட்டது.

ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் புகைக்காகச் செய்தவை. பெல்லட் கிரில்லில் புகை வாசம் குறைவு என்பார்கள். ஓரளவு உண்மைதான். விசிறிக் காற்றில் சின்னத் தீ சுத்தமாக எரிவதால் புகை குறைகிறது. சூடு ஏற ஏற இன்னும் குறையும். அதனால் முதல் இரண்டு மணி நேரம் 95 டிகிரியில் வைத்தேன். கறியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வைத்தேன். குளிர்ந்த, ஈரமான மேற்பரப்பில் புகை நன்றாகப் படிகிறது. வித்தியாசம் முதல் வாயிலேயே தெரிந்தது. பற்றவைத்தவுடன் வரும் கெட்டியான வெள்ளைப் புகை அடங்கும்வரை கறியை உள்ளே வைக்காதீர்கள். கசக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக ஒரு நீலப் புகை வரும், அதுதான் வேண்டும்.

இடையில் தெர்மாமீட்டரையும் சோதித்தேன். ஐஸ் நிறைந்த தண்ணீரில் விட்டால் 0 காட்ட வேண்டும். என்னுடையது 2 காட்டியது, அதைக் கழித்துக்கொள்கிறேன். கிரில்லின் சொந்த சென்சார் சுவரோரம் இருப்பதால், கறி இருக்கும் கம்பி வலையில் அளந்தால் 12 டிகிரிவரை வேறுபட்டது.

இனி போன வாரம் செய்த பதினொன்றாவது. மாட்டின் நெஞ்சுக்கறி, 3.2 கிலோ, ஒரே துண்டு. நெஞ்சு என்பது மாட்டின் எடையைத் தாங்கி உழைக்கும் தசை. கொலாஜன் என்ற கெட்டியான புரதம் நிறைய. அவசரமாகச் சுட்டால் செருப்புத்தோல். பொறுமையாக வைத்தால் அதே கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து கறியை ஈரமாக்கும்.

காலை ஐந்து மணிக்கு உப்பும் மிளகும் மட்டும் போட்டு வைத்தேன். ஏழு மணிவரை 95 டிகிரி, அப்புறம் 120. உள்சூடு மளமளவென்று ஏறியது. 9:40-க்கு 67. மதியச் சாப்பாட்டுக்கே ஆகிவிடும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். 10:15-க்கு 68. 10:50-க்கும் 68. 11:20-க்கு 67 என்று ஒரு டிகிரி இறங்கியே விட்டது. கிரில்லைப் பார்த்தால் 120-இல் அசையாமல் நிற்கிறது. 12:10, மறுபடியும் 68.

இதைப் பற்றிப் படித்திருந்தும், நேரில் பார்க்கும்போது கை பரபரக்கிறது. நடப்பது இதுதான்: கறியின் மேல் கசிந்து வரும் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வியர்வை உடம்பைக் குளிர்விப்பதுபோல. உள்ளே போகும் சூடும் வெளியே போகும் சூடும் சமமாகிவிட, கறி அங்கேயே நிற்கிறது. மேற்பரப்பு காய்ந்த பிறகுதான் மறுபடி ஏறும். மூன்றாவது தடவை மூடியைத் திறக்கப் போன கையை இழுத்துக்கொண்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கொழுப்பு தட்டில் சொட்டும் சத்தமும், சில நொடிக்கு ஒரு தடவை ஆகர் திரும்பும் கரகரப்பும்தான். அந்த இரண்டரை மணி நேரத்தில்தான் கறியின் மேல் கருஞ்சிவப்பாக மொறுமொறு ஓடு கட்டியது. சீக்கிரமே காகிதத்தில் சுற்றிவைத்திருந்தால் அது கிடைத்திருக்காது.

ஒரு மணிக்கு 71. நகத்தால் கீறிப் பார்த்தேன், ஓடு உரியவில்லை. உணவு சுற்றும் தடித்த காகிதத்தில் இறுக்கிச் சுற்றி மறுபடி வைத்தேன். ஆவி தப்பிக்க வழி குறைந்ததும் சூடு ஏற ஆரம்பித்தது. நான்கு மணிக்கு 93. தெர்மாமீட்டர் கம்பியைக் குத்திப் பார்த்தால் ஒரு முனையில் இன்னும் தடுத்தது. எண்ணைப் பார்த்து எடுக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று. 4:45-க்கு 96. வெந்த கிழங்கில் ஈர்க்குச்சி இறங்குவதுபோல எல்லா இடத்திலும் இறங்கியது.

காகிதத்தோடு துண்டில் சுற்றி, காலி ஐஸ் பெட்டிக்குள் ஒன்றரை மணி நேரம் வைத்தேன். எடுக்கும்போதும் 70-க்கு மேல் இருந்தது. 60-க்குக் கீழே போகவிடக்கூடாது என்பதால் அதையும் அளந்தேன். நாருக்குக் குறுக்கே வெட்டினேன். ஓட்டுக்கு அடியில் அரை விரற்கடைக்கு இளஞ்சிவப்பு வளையம். புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு கறிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபினோடு சேர்வதால் வரும் நிறம் அது. தனி ருசி அதில் இல்லை, ஆனாலும் பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. துண்டை விரலில் தொங்கவிட்டால் அறுபடாமல் வளைந்தது, லேசாக இழுத்ததும் பிரிந்தது. மதியத்துக்குச் சொன்ன கறியை இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டோம்.

அடுத்த முறை இரவு பத்து மணிக்கே வைக்கப் போகிறேன். அதற்கு முன் கொழுப்புத் தட்டைச் சுரண்டிப் புதிதாக ஃபாயில் போட வேண்டும். பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடினால் பழைய கொழுப்பே தீப்பிடிக்கப் போதும். முன்னங்கால் ஒன்று இப்போதே உப்பு தடவி ஃபிரிட்ஜில் இருக்கிறது.