வெளிர்நீலத் தாள்

“இந்தத் தெருவில் ஏற்கெனவே மூன்று கடைகளில் மது விற்கிறார்களே, நான்காவது எதற்கு?” என்று முதியவர் கேட்டதும், எதிரே இருந்த மூன்று கவுன்சிலர்களும் எழுதுவதை நிறுத்தினார்கள்.

லண்டனில் இன்று நான் பார்த்த மது விற்பனை உரிம விசாரணை இது. விண்ணப்பித்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், சட்டப்படி 28 நாட்கள் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த வெளிர்நீல அறிவிப்பை மடிப்புக் கலையாமல் கோப்பில் வைத்திருந்தார். (அதை யாரும் கேட்கவில்லை.)

2003ஆம் ஆண்டு உரிமச் சட்டம் குற்றத் தடுப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு, அக்கம்பக்கத்துத் தொல்லையைத் தவிர்த்தல், குழந்தைகளைத் தீங்கிலிருந்து காத்தல் என்னும் நான்கு நோக்கங்களையே குழுவின் முன் வைக்கிறது. இன்னொரு கடை தேவையா என்பது அவற்றில் இல்லை.

எனக்கென்னவோ முதியவரின் கேள்விதான் நியாயமாகப் பட்டது.

இரவு 11 மணிக்குமேல் மது விற்கக்கூடாது என்ற நிபந்தனையுடன் உரிமம் கிடைத்தது. வெளியே வந்தபோது முதியவரும் கடைக்காரரும் ஒரே பேருந்துக்காகக் காத்திருந்தார்கள்.