மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கக் கூடாது

ஜூன் 1, 2025, ஞாயிறு

காவேரிப்பட்டணம் தோப்புக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று காலையில் கிளம்பினால் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. டக் டக் என்று ஒரு சத்தம், மீட்டர் விளக்கெல்லாம் மங்கிப் போனது, அவ்வளவுதான். புதன்கிழமை இரவு ஷெட்டில் விட்டது, நாலு நாள்கூட முழுசாக ஆகவில்லை. ஜனவரியில் பெங்களூரில் வாங்கி, என்.ஓ.சி. எடுத்து, அலைந்து திரிந்து எங்கள் கிருஷ்ணகிரியின் டி.என். 24 நம்பர் மாற்றிய வண்டி இது. ஆடி டிடி, 2010 மாடல், இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல். காலேஜ் படிக்கும்போது பைபாஸில் இந்த வண்டி ஒன்று என்னைக் கடந்து போனதைப் பார்த்த நாளிலிருந்து வேறு எந்த காரும் மனசில் நிற்கவில்லை.

பக்கத்து வீட்டு பொலேரோவிலிருந்து ஜம்பர் போட்டு எடுத்தோம். பேட்டரி வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. எனக்குச் சந்தேகமெல்லாம் டேஷ்போர்டில் இருக்கும் அந்த ஸ்கிரீன் மேல்தான். முன்பு வைத்திருந்தவர் கம்பெனி ரேடியோவை எடுத்துவிட்டு ஏதோ ஒரு கடையில் மாட்டிய ஆண்ட்ராய்டு செட். ஸ்டியரிங்கில் இருக்கும் வால்யூம் பட்டன் வேலை செய்யாது. மேப்பைப் போட்டால், கே.ஆர்.பி. அணை ரோட்டில் நான் போய்க்கொண்டிருக்க அம்புக்குறி அணைத் தண்ணீருக்குள் நிற்கும். எஃப்.எம். போட்டால் வெறும் இரைச்சல். அப்பாவுக்கு தர்மபுரி வானொலி, 102.5, அது இல்லாமல் ஒரு பயணமும் கிடையாது. "இவ்வளவு பெரிய வண்டியில ரேடியோ எடுக்கலையா" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

ராயக்கோட்டை ரோட்டில் ஒரு எலெக்ட்ரீஷியன் அண்ணன் இருக்கிறார். பெரும்பாலும் டிப்பர், கிரானைட் ஏற்றும் லாரி, ஜே.சி.பி. வயரிங் பார்ப்பவர். கார் ஸ்டீரியோ கடைக்குப் போகாமல் இவரிடம் போனதற்குக் காரணம் உண்டு. மழையிலும் குவாரி தூசியிலும் ஓடும் வண்டிக்கு வயரிங் செய்கிற கை, ஒரு ஜாயின்ட்டையும் அலட்சியமாக விடாது.

"மொதல்ல பேட்டரில கரண்ட் கசிவு எவ்வளவுன்னு பாப்போம் தம்பி" என்றார். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் பக்கத்தில் போட்டு, கதவெல்லாம் பூட்டி, டீ குடிக்கப் போய்விட்டோம். இந்த மாதிரி வண்டிகளில் பூட்டிய உடனே எல்லாம் அடங்கிவிடாது, உள்ளே இருக்கும் கண்ட்ரோல் யூனிட்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போக அரை மணி நேரம்கூட ஆகலாம். அதற்கு முன் பார்க்கிற அளவு கணக்கில் வராது. நாற்பது நிமிடம் கழித்து வந்து பார்த்தால் 0.6 ஆம்பியர். நல்ல வண்டி என்றால் 0.05-க்குள் இருக்க வேண்டும்.

அப்புறம் கணக்குப் போட்டேன். 0.6-ஐ 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 14.4 ஆம்பியர் மணி. மூன்றரை நாளைக்கு ஐம்பது. பேட்டரியே 70-தான். செல்ஃப் எடுக்காததில் ஆச்சரியமே இல்லை.

ஸ்கிரீனுக்கான ஃப்யூஸைப் பிடுங்கினார். மீட்டர் 0.02-க்கு இறங்கியது. எனக்கு உடம்பெல்லாம் லேசானது போல இருந்தது, ஏனென்றால் வண்டியில் வேறு கோளாறு எதுவும் இல்லை.

ஜூன் 7, சனி

மாலை நாலு மணிக்கு ஆரம்பித்து இருட்டும் வரை டேஷ்போர்டு வேலை. செட்டை வெளியே இழுத்ததும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. டார்ச்சை மட்டும் உள்ளே பிடித்துக்கொண்டு நின்றார்.

இந்த வண்டியில் ரேடியோவுக்குப் பின்னால் ஒரு பெரிய சதுர கப்ளர் வரும், குவாட்லாக் என்பார்கள், நெம்புகோல் மாதிரி ஒரு கொக்கி போட்டுப் பூட்டுவது. அதன் பின்னாலேயே ஒரு விரல் நீளம் விட்டு ஒயர்களை வெட்டியிருக்கிறார்கள். கரண்ட் ஒயர், எர்த், ஸ்பீக்கர் ஒயர்கள் எல்லாம். வெட்டிய முனைகளைப் புதுச் செட்டின் ஒயரோடு கையால் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். வெயிலில் பசை உருகி டேப் வழுக்கிக்கொண்டு கிடக்கிறது, விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. நடுவில் மஞ்சள் ஒயரும் சிவப்பு ஒயரும் ஒரே முறுக்கில்.

இதுதான் விஷயம். வெளியில் வாங்கும் செட் எதுவானாலும் மஞ்சள் என்பது எப்போதும் கரண்ட் இருக்க வேண்டிய ஒயர், செட்டிங்ஸை மறக்காமல் வைத்துக்கொள்ள. சிவப்பு என்பது சாவி போட்டால் மட்டும் கரண்ட் வர வேண்டியது. செட்டை எழுப்புவதும் தூங்க வைப்பதும் சிவப்புதான். சாதாரண வண்டியில் இரண்டும் ரேடியோ கப்ளரிலேயே தனித்தனியாக வரும். இந்த வண்டியில் சாவி போட்டால் வரும் கரண்ட் ஒயர் அந்த கப்ளரில் கிடையவே கிடையாது. சாவி போட்டாச்சு என்ற செய்தியை வண்டி ஒயர் வழியாக 12 வோல்ட்டாக அனுப்புவதில்லை, இரண்டு மெல்லிய ஒயர்களில் எண்களாகச் சொல்லி அனுப்புகிறது. ஆரஞ்சு-ஊதா ஒன்று, ஆரஞ்சு-பழுப்பு ஒன்று, இரண்டும் ஜடை மாதிரி பின்னி வரும். கேன் பஸ் என்று பெயர், பாஷ் கம்பெனி 1986-ல் வெளியிட்ட முறை. ஸ்டியரிங் பட்டன் அழுத்தினாலும் அதே இரண்டு ஒயரில்தான் செய்தி வருகிறது.

சிவப்புக்கு இடம் தேடிப் பார்த்திருக்கிறார்கள், கிடைக்கவில்லை, மஞ்சளோடு சேர்த்து முறுக்கிவிட்டார்கள். செட் வேலை செய்தது, வாங்கியவரும் கிளம்பிப் போய்விட்டார். பவர் பட்டனை அமுக்கினால் ஸ்கிரீன் மட்டும்தான் அணையும், உள்ளே செட்டும் பின்னால் ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்பும் ராத்திரி முழுக்க விழித்திருக்கும்.

"லாரிக்காரன்கூட இப்படி செய்ய மாட்டான் தம்பி" என்றார் அண்ணன். அந்த ஆரஞ்சு ஒயர்களை யாரும் தொடவில்லை, அது ஒன்றுதான் நிம்மதி.

ஜூன் 8, ஞாயிறு

காலை முழுக்க ஒயர்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலை. நான் முதலிலேயே சொல்லிவிட்டேன், கம்பெனி கப்ளர் மறுபடி உயிரோடு வர வேண்டும், அதற்கு மேல் புதுச் செட்டுக்காக ஒரு ஒயரைக்கூட வெட்டக் கூடாது. நாளைக்கு யாராவது கம்பெனி ரேடியோவையே திரும்ப மாட்ட நினைத்தால் சொருகினால் போதும் என்று இருக்க வேண்டும்.

கலர் பார்த்து ஜோடி சேர்த்தோம். லாரியில் கறுப்புதான் எர்த், இந்த ஜெர்மன் வண்டிகளில் பழுப்பு எர்த். இதை அண்ணனிடம் சொன்னதும் நம்பிவிடவில்லை, மீட்டரை பாடியில் வைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் தொட்டார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அவர் ஜாயின்ட் போடும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில், சூடு பட்டால் சுருங்கும் ஷ்ரிங்க் ஸ்லீவை ஒயரில் கோத்து ஈயத்தின் சூடு படாத அளவுக்குத் தூரமாகத் தள்ளிவிடுவார். இரண்டு முனைகளையும் எதிரெதிராக வைத்து ஒன்றுக்குள் ஒன்று விரல் கோத்தது போல இழைகளைக் கோத்து, அப்புறம் முறுக்கி, சால்டரிங் இரும்பை அடியில் வைத்துச் சூடேற்றி, ஈயத்தை மேலிருந்து தொடுவார். ஈயம் தானாக உள்ளே குடித்துக்கொள்ளும். சூடு ஆறியதும் ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டு ஸ்லீவை மேலே கொண்டுவந்து சுருக்குவார். எல்லா ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் வராதபடி ஒன்றை முன்னே ஒன்றைப் பின்னே தள்ளிப் போட்டார், இல்லையென்றால் அந்த இடத்தில் மட்டும் ஹார்னஸ், அதாவது ஒயர் கட்டு, முடிச்சு மாதிரி தடித்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு முடிந்தது. வீட்டிலிருந்து வந்த மாம்பழத்தை வெட்டிச் சாப்பிட்டோம்.

ஜூன் 14, சனி

பெங்களூர் ஜே.சி. ரோடு. இங்கிருந்து 90 கிலோமீட்டர்தான். பழைய ஸ்கிரீனைப் போலவே இன்னொன்று வாங்க எனக்கு மனசில்லை. கடைக்காரர் கேட்ட கேள்விகளிலேயே அவர் வேலை தெரிந்தவர் என்று புரிந்தது. தனி ஆம்ப் இருக்கிறதா, ஏ.சி. கண்ட்ரோல் தனியாகக் கீழே இருக்கிறதா, ஆன்டெனா முனை எப்படி, எல்லாம் கேட்டார். இந்த வண்டியின் ரேடியோ பொந்து டபுள் டின் என்று சொல்லும் வழக்கமான ஸ்டீரியோ அளவு கிடையாது, அதற்கென்று தனி ஃபிரேம் வேண்டும். செட், ஃபிரேம், குவாட்லாக்கில் அப்படியே சொருகும் ஹார்னஸ், கேன் பஸ் டப்பா, ஆன்டெனா கன்வர்ட்டர், ஜி.பி.எஸ். ஆன்டெனா. கேன் பஸ் டப்பா தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. விலை கேட்டால் பலர் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்களாம். அந்த ஆரஞ்சு ஒயர்களில் வரும் செய்தியைப் படித்துச் செட்டுக்குச் சொல்வது அதுதான், இந்த முழு வேலையின் உயிரே அந்த டப்பாதான்.

ஜூன் 15, ஞாயிறு

மாட்டியாச்சு. இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு இன்றைய வேலை சப்பென்று முடிந்தது. கப்ளரைச் சொருகி கொக்கியைப் போட்டால் டக். சாவியைத் திருப்பியதும் செட் எழுந்தது, சாவியை எடுத்ததும் அடங்கியது. ஸ்டியரிங் பட்டன் வேலை செய்கிறது. நீல-வெள்ளை ஒயர் ஆம்பை எழுப்புகிறது.

நேரம் எடுத்தது ஜி.பி.எஸ். ஆன்டெனாதான். பழைய செட்டில் அதை டேஷ்போர்டுக்குள்ளே இரும்புச் சட்டத்துக்கு அடியில் ஒட்டியிருந்தார்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன, அங்கிருந்து வரும் சிக்னல் நம்மிடம் சேரும்போது அவ்வளவு பலவீனமாக இருக்கும். உயரத்தோடு சேர்த்து இடத்தைச் சரியாகச் சொல்ல குறைந்தது நாலு செயற்கைக்கோள் தெரிய வேண்டும், செட்டுக்குள் இருக்கும் கடிகாரத்தின் பிழையையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டியிருப்பதால். இரும்புக்கு அடியில் வைத்தால் எது தெரியும்? முன் கண்ணாடியை ஒட்டி, டேஷ்போர்டின் பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே, வானத்தைப் பார்த்தபடி ஒட்டினோம். பிளாஸ்டிக் தடை இல்லை. மீதி ஒயரைச் சுருட்டி டை போட்டு ஸ்பாஞ்ச் சுற்றினார், குலுக்கலில் கடகடவென்று சத்தம் வரக் கூடாது என்பதற்காக. பழைய இடத்தில் மூன்று செயற்கைக்கோள், இப்போது பதினான்கு.

பேட்டரி கழற்றி மாட்டியதால் ஒரு விஷயம். இந்த வண்டியின் கதவுக்கு மேல் ஃபிரேம் கிடையாது, கதவைத் திறந்தால் கண்ணாடி தானாக ஒரு விரல் அளவு இறங்கி வழிவிடும். பேட்டரி போனால் அதை மறந்துவிடும், அப்படியே மூடினால் ரப்பரில் இடிக்கும். கண்ணாடியை முழுக்க ஏற்றி சுவிட்சை அப்படியே சில நொடி பிடித்திருந்தால் சரியாகிவிடும். பழைய டிடி வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்.எம். மட்டும் இன்னும் இரைச்சல்.

ஜூன் 18, புதன்

ராத்திரி பதினொரு மணிக்குத்தான் புரிந்தது. இந்த வண்டியின் ஆன்டெனாவில் ஒரு சின்ன ஆம்ப் உள்ளேயே இருக்கிறது, அதற்கு வேண்டிய 12 வோல்ட் தனி ஒயரில் போவதில்லை, ஆன்டெனா கேபிள் வழியாகவே கம்பெனி ரேடியோ அனுப்பும். வெளியில் வாங்கும் செட் அனுப்பாது. கன்வர்ட்டரிலிருந்து ஒரு நீல ஒயர் சும்மா தொங்கிக்கொண்டிருந்ததே, அது இதற்குத்தான். அண்ணனுக்கு போன் போட்டுச் சொன்னேன். "லாரில ஒரு குச்சிதான் தம்பி ஆன்டெனா, அதுக்கு கரண்ட் குடுக்கணும்னு நான் எங்க பாத்தேன், நாளைக்கு காலைல வா" என்றார்.

ஜூன் 19, வியாழன்

பத்து நிமிட வேலை. நீலத்தைச் செட்டின் நீலத்தோடு சேர்த்தோம். 102.5 கணீரென்று வந்தது. அண்ணன் கூலி சொன்னதற்கு மேல் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றார், பையன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

அப்பாவோடு ஒகேனக்கல். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி வரை நாலு வழிச் சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. தர்மபுரியில் திரும்பி பென்னாகரம் ரோடு பிடித்ததும் வேகத்தடை ஒவ்வொன்றையும் குறுக்காக ஏற்றித்தான் தாண்ட வேண்டும், அடி இடிக்கும். அப்பா வழியெல்லாம் வானொலிதான். நடுவில் வால்யூமைக் கூட்டச் சொன்னார், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே கூட்டினேன். "இது எங்க இருக்கு பட்டன்" என்று குனிந்து பார்த்தார்.

பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் இறங்கியதும் போனில் டவர் போய்விட்டது. மேப்பை முன்னாடியே செட்டில் இறக்கி வைத்திருந்தேன். அம்புக்குறி ரோட்டின் மேலேயே, ஒவ்வொரு வளைவிலும் வண்டியோடு சேர்ந்தே திரும்பியது. வளைவு வருவதற்கு முன்பே அது எவ்வளவு கூர்மை என்று திரையில் தெரிகிறது, இரண்டாவது கியரில் இறக்கி, வளைவுக்குள் விட்டு, வெளியே வரும்போது மிதிக்க, இந்த வண்டியை எதற்கு வாங்கினேன் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் தெரிந்தது. அப்பா மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே "மெதுவா, மெதுவா" என்றார், ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஜூன் 29, ஞாயிறு

வேண்டுமென்றே ஒரு வாரம் தொடாமல் நிறுத்தி வைத்தேன். காலையில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 12.4 வோல்ட். ஒரே செல்ஃபில் எடுத்தது. அப்பா ஏறி உட்கார்ந்து, பெல்ட் போடுவதற்கு முன்பே 102.5 போட்டார். தோப்புக்குக் கிளம்பினோம்.