மூன்று நட்சத்திரப் பையன்கள்

அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அலுவலகத்தில் டேட்டா அனலிஸ்டாக இருக்கிறேன். ஊருக்குப் போன் செய்து ஃபுட்பால் அலுவலகம் என்று சொன்னால் மெஸ்ஸியைப் பற்றிக் கேட்கிறார்கள். இது அந்த ஆட்டம் இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கி ஓடி, மோதி விழுகிற ஆட்டம். பள்ளியில் ஆடும் பையன்களில் யாருக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்து இழுப்பது என்று கோச்சுகள் முடிவு செய்வார்கள். அந்த முடிவுக்கு முன்னால் மேஜையில் வைக்கப்படும் அட்டவணை என்னுடையது.

வேலைக்குச் சேர்ந்ததும் எனக்குக் கொடுத்த முதல் கேள்வியே இதுதான்: வெப்சைட்டுகள் பள்ளிப் பையன்களின் திறமைக்குக் கொடுக்கிற நட்சத்திரங்களை நம்பலாமா, கூடாதா? அலுவலகத்தில் பாதிப் பேர் நட்சத்திரத்தை வேதம் என்பார்கள். மீதிப் பேர் அதெல்லாம் வெப்சைட்காரன் வயிற்றுப்பிழைப்பு என்பார்கள். இரண்டு தரப்பும் ஆளுக்கு நாலு உதாரணம் தயாராக வைத்திருப்பார்கள்.

முறை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் பள்ளி அளவில் ஃபுட்பால் ஆடுகிறவர்கள் ஏறக்குறைய 10 லட்சம் பேர். இவர்களில் கண்ணில் படுகிறவர்களுக்கு 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈஎஸ்பிஎன் போன்ற நிறுவனங்கள் நட்சத்திரம் போடுகின்றன. ஐந்து நட்சத்திரம் ஆண்டுக்கு முப்பது பேர் சொச்சத்துக்குத்தான். கல்லூரி வீரர்களைத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டின் முதல் சுற்றில் 32 பேரை எடுப்பார்கள் என்பதால் 247ஸ்போர்ட்ஸ் அதே 32ஐ மனதில் வைத்துத்தான் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறது. ஆக இது பாராட்டுப் பத்திரம் அல்ல, ஆரூடம். 17 வயதுப் பையனைப் பார்த்து, மூன்று நான்கு வருஷம் கழித்து இவன் அந்த மேடையில் நிற்பான் என்கிறார்கள். நான்கு நட்சத்திரம் முன்னூறு, நானூறு பேருக்கு. மூன்று நட்சத்திரம் ஆயிரத்துக்கும் மேல். எல்லா நிறுவனங்களின் கணிப்பையும் சேர்த்து 247ஸ்போர்ட்ஸ் ஒரு கூட்டு மதிப்பெண்ணும் தருகிறது. அதில் உச்சம் 1.0000.

அந்த 1.0000ஐ வாங்கியவர்களில் ஒருவர் க்வின் யூவர்ஸ். டெக்சாஸ் மாநிலம் சவுத்லேக்கைச் சேர்ந்த குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் நாட்டிலேயே முதலிடம். 2025 ட்ராஃப்டில் அவரைக் கடைசியான ஏழாவது சுற்றில், 231ஆவது ஆளாக என்எஃப்எல் அணியான மயாமி டால்ஃபின்ஸ் எடுத்தது. அதே ட்ராஃப்டில் முதல் ஆளாக அழைக்கப்பட்டவர் கேம் வார்ட். அவரும் டெக்சாஸ், அவரும் குவாட்டர்பேக். ஆனால் பள்ளி முடிக்கும்போது அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. அவருடைய பள்ளி அணி பந்தை எறிவதைவிடத் தூக்கிக்கொண்டு ஓடுவதையே நம்பிய அணி. குவாட்டர்பேக் எறியவே இல்லை என்றால் யார் எதைப் பார்த்து மார்க் போடுவது? சான் அன்டோனியோவில் இன்கார்னேட் வேர்ட் என்ற சின்னப் பல்கலைக்கழகம் மட்டும் இடம் கொடுத்தது. அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், பிறகு மயாமி பல்கலைக்கழகம், பிறகு ட்ராஃப்டில் முதலிடம்.

எங்கள் அலுவலகத்து நட்சத்திர எதிர்ப்பாளர்களுக்கு அந்த ஏப்ரல் மாதம் தீபாவளி.

ஆனால் அதே மேடையில் இரண்டாவதாகப் போனவர் ட்ராவிஸ் ஹன்டர். 2022ஆம் ஆண்டுப் பட்டியலின் உச்சியில் இருந்த ஐந்து நட்சத்திரக்காரர். ட்ராஃப்டுக்கு முந்தைய சீசனில், கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் வாங்கியவர். அவரை யாரும் உதாரணமாகச் சொல்வதில்லை. எதிர்பார்த்தது நடந்தால் அதில் பேச என்ன இருக்கிறது?

உதாரணங்களை ஒதுக்கிவிட்டுக் கூட்டல் கணக்குக்கு வந்தால் விஷயம் லேசாகத் தெளியும். ஐந்து நட்சத்திரக்காரர்களில் ஏறக்குறைய இரண்டில் ஒருவர் ட்ராஃப்ட் ஆகிறார். நான்கு நட்சத்திரத்தில் ஐந்தில் ஒருவர் போல. மூன்றில் பத்துக்கு ஒருவர்கூடத் தேறுவதில்லை. படி இறங்க இறங்க வாய்ப்பு இவ்வளவு ஒழுங்காகக் குறைகிறதே, இதைவிட என்ன வேண்டும்? அப்புறம் ஏன் ட்ராஃப்ட் மேடையில் எங்கு பார்த்தாலும் மூன்று நட்சத்திரப் பையன்களாக இருக்கிறார்கள்? அவர்கள் கூட்டம் பெரிது, அதனால்தான். முப்பதில் பாதி பதினைந்து. ஆயிரத்தைந்நூறில் பதினைந்தில் ஒருவர் என்றாலே நூறு. பின்னாளில் என்எஃப்எல்லின் பெரிய பெயர்களான ஆரன் டோனல்டும் பேட்ரிக் மஹோம்ஸும் அந்த நூறுகளில் இருந்து வந்தவர்கள். கூடவே ஹெல்மெட் அணிந்து, ஆடி, பெயர் தெரியாமல் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களை யாரும் உதாரணம் சொல்ல முடியாது, பெயரே தெரியாதே.

ஒரு ஆளைவிட்டு ஒரு அணியை எடுத்துக்கொண்டால் நட்சத்திரத்தின் கை இன்னும் ஓங்கும். பட் எலியட் என்ற பத்திரிகையாளர் ‘ப்ளூ சிப் ரேஷியோ’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார். கடைசி நான்கு வருஷத்தில் ஒரு அணி சேர்த்த பையன்களில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்களா என்பதுதான் கேள்வி. 2014 முதல் 2024 வரையிலான சீசன்களில் பட்டம் வென்ற ஒவ்வொரு அணியும் அந்தக் கோட்டைத் தாண்டியதுதான்: ஒஹையோ ஸ்டேட், அலபாமா, க்ளெம்சன், எல்எஸ்யூ, ஜார்ஜியா, மிஷிகன். ஒரு பையன் காலை உடைத்துக்கொள்வான், இன்னொருவனுக்குப் படிப்பு ஏறாது, வேறொருவன் வீட்டு ஞாபகத்தில் ஊர் திரும்பிவிடுவான். ஒரு அணி முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது இந்த விபத்துகள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்கின்றன.

இதையெல்லாம் ஸ்லைடு போட்டு நான் விளக்கியபோது, எங்கள் ரெக்ரூட்டிங் டைரக்டர் பொறுமையாகக் கேட்டார். வயதானவர், முன்னாள் லைன் கோச். கடைசியில் சொன்னார்: “எல்லாம் சரி. ஆனால் அலபாமாக்காரனுக்குச் சொல்ல வேண்டியதை எனக்குச் சொல்கிறாய். ஐந்து நட்சத்திரக்காரன் என் போனை எடுப்பதே இல்லையே?”

அவர் சொன்னதுதான் இந்த வேலையின் மையம் என்று இப்போது நினைக்கிறேன். எங்களைப் போன்ற நடுத்தர அணிகள் கடை விரிப்பது மூன்று நட்சத்திரச் சந்தையில். கூட்டு மதிப்பெண்ணில் 0.80க்கும் 0.89க்கும் நடுவில். அங்கே 0.8534 வாங்கிய பையனும் 0.8571 வாங்கிய பையனும் ஒரே இடத்துக்கு நிற்பார்கள். நம்மூர் இன்ஜினியரிங் கட்-ஆஃப் மாதிரிதான். 198க்கும் 150க்கும் உள்ள வித்தியாசம் எதையோ சொல்கிறது, 150.25க்கும் 150.75க்கும் உள்ளது எதையும் சொல்வதில்லை, ஆனால் சீட் அதை வைத்துத்தான். எங்கள் பழைய பட்டியல்களை எடுத்து அந்த இடைவெளிக்குள் மட்டும் பார்த்தேன். மதிப்பெண் கூடக்கூட ஆட்டமும் கூடுகிறதா என்றால், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் இல்லை. நாடு முழுக்கச் சரியாக இருக்கிற அளவுகோல், எங்களுக்குத் தேவையான அந்த ஒரு சாணில் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

காரணம் புரிந்துகொள்ள கோச்சுகளின் அறையில் உட்கார வேண்டியிருந்தது. ஒரு நாள், குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று மறிக்கிற ஆஃபென்சிவ் டாக்கிள் இடத்துக்கு ஒரு பையனின் வீடியோவை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறடி ஐந்தங்குலம், 245 பவுண்டு. அந்த இடத்துக்கு 300 பவுண்டு வேண்டும். பையனே ஹட்ல் என்ற வீடியோ தளத்தில் ஏற்றியிருந்த ஹைலைட்டை டைரக்டர் பாதியில் நிறுத்தச் சொன்னார். முழு ஆட்டமாக, அதிலும் அணி தோற்றுக்கொண்டிருந்த ஒரு ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியைப் போடச் சொன்னார். பந்து எங்கோ போய்விட்ட பிறகும் பையன் யாரையாவது தள்ளிக்கொண்டிருக்கிறானா என்று பார்த்தார்கள். அப்புறம், “இவன் பாஸ்கெட்பால் ஆடுகிறானா? அந்த வீடியோ இருக்கிறதா?” என்றார். இருந்தது. பள்ளி ஜிம்மில் யாரோ போனில் எடுத்தது, பாதி நேரம் முன்வரிசையில் இருப்பவரின் தலைதான் தெரிகிறது. அதில் அந்தப் பையன் தன்னைவிடச் சின்ன ஆளுக்கு முன்னால் குனிந்து, கால்களைக் குறுக்கே போடாமல் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து மறிக்கிறான். ஒரு டாக்கிள் குவாட்டர்பேக்கைக் காப்பாற்றச் செய்ய வேண்டியது அதே நகர்தல்தான். அப்பா உயரம் என்ன, அண்ணன் என்ன எடை, பையனின் ஷூ சைஸ் என்ன என்று விசாரித்தார்கள். பெண் பார்க்கப் போனால்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள்.

அந்த அறையில் பேசியது முழுக்க 20 வயதில் வரப்போகிற உடம்பைப் பற்றி. நட்சத்திரம் பேசுவது 17 வயது உடம்பைப் பற்றி. ஜே.ஜே. வாட் இரண்டு நட்சத்திரத்தோடு சென்ட்ரல் மிஷிகன் பல்கலைக்கழகத்துக்கு, டைட் எண்ட் என்ற தாக்குதல் இடத்தில் ஆடப் போனவர். பிறகு ஸ்காலர்ஷிப் இல்லாமல் விஸ்கான்சினில் சேர்ந்து, உடம்பு ஏறி, தற்காப்பு வரிசைக்கு மாறி, 2011இல் 11ஆவது ஆளாக ட்ராஃப்ட் ஆனார். என்எஃப்எல்லின் சிறந்த தற்காப்பு வீரர் விருதை மூன்று முறை வாங்கினார். அவருக்கு இரண்டு நட்சத்திரம் போட்டவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் பார்த்தது வேறு ஒரு ஆளை.

அளவுகளிலும் சிக்கல் உண்டு. 40 கஜ ஓட்டத்தைப் பள்ளியில் ஸ்டாப்வாட்சை விரலால் அழுத்தி எடுத்தால், லேசரில் எடுப்பதைவிட நேரம் பெரும்பாலும் கொஞ்சம் குறைவாகவே காட்டும். அதனால் பையன் தருகிற 40 கஜக் கணக்கை எங்கள் அட்டவணையில் ஒரு ஓரமாகத்தான் வைத்திருக்கிறோம். 100 மீட்டர் ஓடியவன் என்றால் தடகளப் போட்டியின் எலக்ட்ரானிக் நேரம் கிடைக்கும், அதை நம்பலாம்.

இதைவிட என்னை உறுத்தியது வேறு. மதிப்பெண் மாறிய தேதிகளையும், பெரிய பல்கலைக்கழகங்கள் ஆஃபர் கொடுத்த தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பல இடங்களில் ஆஃபர் முன்னால் வருகிறது, மதிப்பெண் பின்னால் ஏறுகிறது. ஜார்ஜியா ஒரு பையனைக் கேட்கிறது என்றால் கணிப்பாளர் மறுபடி வீடியோவைப் போட்டுப் பார்க்கத்தானே செய்வார்? இது ஏமாற்று இல்லை. ஜார்ஜியா கோச்சுக்குக் கண் இருக்கிறது, அந்தக் கண்ணும் ஒரு தகவல்தான். ஆனால் அப்படி ஏறிய மதிப்பெண்ணை வைத்து, ஜார்ஜியா சேர்த்த பையன்கள் நன்றாக வந்தார்கள், ஆகவே நட்சத்திரம் பலித்தது என்று சொன்னால், பாதிப் பெருமை ஜார்ஜியாவுக்குப் போக வேண்டியது. பிறகு அங்கே கிடைக்கிற சாப்பாடு, ஜிம், பயிற்சி, தினமும் எதிரே நின்று மோதுகிற இன்னொரு ஐந்து நட்சத்திரக்காரன், எல்லாம் சேர்ந்து அவனை வளர்க்கின்றன. இரண்டு முறை சொதப்பினாலும் மூன்றாவது வாய்ப்பு கிடைக்கும். இழுத்து வந்த கோச் அவ்வளவு சீக்கிரம் கைவிட மாட்டார். பெயர் தெரியாமல் வந்தவன் ஒரு முறை சொதப்பினால் பெஞ்சுதான். இந்த நூல்களைப் பிரித்தெடுக்க எனக்குத் தெரிந்த எந்தச் சூத்திரமும் முழுசாக உதவவில்லை.

இடத்துக்கு இடமும் மாறுகிறது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக், தற்காப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கிற டிஃபென்சிவ் எண்ட் போன்றவர்களைப் பள்ளியிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். வேகமும் உடம்பும் வெளியே தெரியும். முன்வரிசையில் நின்று மறிக்கிற லைன்மேன்களும் குவாட்டர்பேக்குகளும் தாமதமாகப் பழுக்கிறவர்கள். பந்தை உதைக்கிற கிக்கரைப் பற்றி நட்சத்திரக்காரர்கள் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. நாங்களும்தான், ஆட்டம் கடைசி மூன்று வினாடிக்கு வரும்வரை.

இவ்வளவும் பேசிவிட்டு ‘பிற்கால வெற்றி’ என்ற கட்டத்தில் என்ன நிரப்புவது என்று கேட்டால் அலுவலகமே அமைதியாகிவிடும். ட்ராஃப்டா? யூவர்ஸ் ஏழாவது சுற்றில் போனவர், சரி. ஆனால் அவர் ஆடிய காலத்தில் டெக்சாஸ் பல்கலைக்கழகம் இரண்டு முறை தொடர்ந்து பிளேஆஃப் அரையிறுதி வரை போனது. அவரைச் சேர்த்த கோச்சிடம் போய் உங்கள் பையன் தேறவில்லை என்று சொன்னால் சிரிப்பார். எங்களைப் போன்ற அணிக்கு ட்ராஃப்ட் ஆகிறவன் எப்போதாவது ஒருவன். மூன்று வருஷம் காயமில்லாமல் முதல் பதினொருவரில் நின்றவனே எங்களுக்குத் தங்கம். நான் கடைசியில் எடுத்துக்கொண்டது அதைத்தான்: எத்தனை ஆட்டம் தொடக்கத்திலேயே இறங்கினான்.

அந்த அளவுகோலும் கொஞ்ச காலம்தான் நிம்மதியாக இருந்தது. 2018இல், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்புகிற வீரர்கள் பெயரைப் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, 2021 ஜூலையில் பையன்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. இப்போது நாங்கள் சாணை பிடித்து எடுக்கிற மூன்று நட்சத்திரப் பையன் இரண்டாவது வருஷம் ஜொலித்தால், மூன்றாவது வருஷம் வேறு சட்டையில் இருப்பான். வார்ட் மூன்று பல்கலைக்கழகங்களில் ஆடியவர்தானே? அவரைக் கண்டெடுத்த சின்ன இடத்துக்குக் கிடைத்தது இரண்டு சீசன். அதனால் எங்கள் அட்டவணையில் இப்போது இரண்டு பத்திகள் இருக்கின்றன: எங்கும் ஆடியது, எங்களுக்காக ஆடியது. முதல் பத்தியில் எங்கள் கணிப்பு வருஷா வருஷம் அழகாகிக்கொண்டே போகிறது. இரண்டாவது பத்தியைப் பார்த்தால் டைரக்டர் பெருமூச்சு விடுகிறார்.

2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு, எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து, ஒரு பல்கலைக்கழகத்துக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். எங்களைப் போன்றவர்கள் அந்த வரம்பின் பக்கத்தில்கூடப் போக முடியாது, ஆனால் இருக்கிற பணத்தைப் பிரித்தாக வேண்டும். முன்பெல்லாம் “இந்தப் பையன் தேற முப்பது சதவீதம் வாய்ப்பு” என்று நான் சொன்னால், தேறுவானா மாட்டானா, ஒரே வார்த்தையில் சொல் என்பார்கள். போன வாரம் அதே டைரக்டர் என் மேஜைக்கு வந்து, இரண்டு பையன்களின் பெயரை எழுதி, ஒருவனுக்கு முப்பது என்றால் இன்னொருவனுக்கு எவ்வளவு, நாற்பது வருமா, பத்து சதவீதத்துக்கு எத்தனை டாலர் கூடக் கொடுக்கலாம் என்று கேட்டார். நட்சத்திரத்தைப் பற்றி இரண்டு தரப்பும் அப்புறம் பேசவே இல்லை. இப்போது நாங்கள் போட்டுக்கொண்டிருப்பது விலைப்பட்டியல்.