யார் எழுதிக் கொடுத்தது?

பாளையங்கோட்டையில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறேன். கோயில் கொடை விழாக்கள் தொடங்கிவிட்டால் கூடத்தைப் பூட்டிவிட்டு, ஒலிபெருக்கிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அம்பாசமுத்திரம், முக்கூடல், ஆலங்குளம் பக்கம் போய்விடுவேன். மற்ற மாதங்களில் வருபவை அம்மன் பாடல்கள், தேவாலயக் கீர்த்தனைகள், பள்ளி ஆண்டு விழாப் பாடல்கள், தேர்தல் வந்தால் வேட்பாளர் பாடல்கள். மேடைக்கு எதிரே, கூட்டத்துக்கு நடுவில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குப் பாடுபவரைவிடக் கேட்பவர்களைத்தான் நன்றாகத் தெரியும். பக்கத்தில் நிற்பவர்கள் அவன் ஒருவன் இருப்பதையே மறந்து பேசுவார்கள்.

சிறு பிள்ளைகள் மேடையேறுவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. கொடை இரவில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் திரைப்பாட்டுக்கு ஆடுவார்கள். அந்தப் பாட்டுகளின் சில வரிகளை அந்தப் பிள்ளைகளின் தாய்மார் வீட்டில் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மேடையில் விசில் பறக்கும். ஊர்ப் பெரியவர் எழுந்து வந்து ஐம்பது ரூபாய்த் தாளைப் பிள்ளையின் சட்டையில் குத்திவிட்டுப் போவார். "இந்த வயதில் இதெல்லாம் தேவையா?" என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்வி முதன்முதலில் என் காதில் விழுந்தது, பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, தானே எழுதி மெட்டமைத்த பாட்டை ஆடாமல் அசையாமல் நின்று பாடி முடித்த இரவில்.

முக்கூடல் பக்கத்து ஊர். அம்மா பீடி சுற்றுகிறவர். அப்பா வெளியூரில் வேலை. எட்டாம் வகுப்பு முடித்திருந்த பிள்ளை. இன்னிசைக் குழுவின் கீபோர்டுகாரர் தெரிந்தவர் என்பதால் இடையில் ஒரு பாட்டுக்கு வாய்ப்புக் கொடுத்திருந்தார். அம்மன் பாட்டு பாடுவாள் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவள் பாடியது, இரவில் கணவனுக்காகக் காத்திருக்கும் ஒரு மனைவியைப் பற்றிய பாட்டு. அதில் இரண்டு வரி:

கதவைத் திறந்து வைத்தாள், காற்றுக்கு என்று சொன்னாள்;
காலடி கேட்டவுடன் கண்ணை மூடிக்கொண்டாள்.

காத்திருப்பதையும் ஒத்துக்கொள்ளமாட்டாள், வந்தவனோடு பேசவும் மாட்டாள். ஒரு நீண்ட திருமணத்தில் நடப்பது அத்தனையும் இரண்டு வரியில் வந்துவிட்டது. எத்தனையோ காதல் பாட்டுகளைப் பதிவு செய்திருக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பேச்சு நின்றுவிட்டது. ஆண்கள் பக்கம் ஒரு சங்கடமான சலசலப்பு. முடிந்ததும் கைதட்டல் வந்தது, ஆனால் பிந்தி வந்தது.

அதன் பிறகு என் காதில் விழுந்தவை எல்லாம் கேள்விகள். "யார் எழுதிக் கொடுத்தது?" என்பது முதல் கேள்வி. அவளே எழுதியது என்று கீபோர்டுகாரர் சொன்னதும், "பிஞ்சிலே பழுத்தது" என்றார் ஒருவர். "வீட்டில் ஏதோ சரியில்லை" என்றார் இன்னொருவர். அவள் பள்ளி ஆசிரியை ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "குரல் நன்றாக இருக்கிறது. மரம், மழை, அம்மா என்று எழுதச் சொல்லுங்கள்." விழாக்குழுவில் ஒருவர் என்னிடமே வந்து, "அடுத்து ஒரு குத்துப்பாட்டு போடச் சொல்லுங்கள் அண்ணாச்சி, கூட்டம் கலைந்துவிடும்" என்றார். போட்டார்கள். ஆடியதும் சிறுபிள்ளைகள்தான்.

இந்தக் கேள்விகள் நம் ஊருக்கு மட்டும் உரியவை அல்ல என்பது என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் 1951-இல் பிறந்த பாடகி ஜானிஸ் இயன் பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு பாட்டு எழுதினார். வெள்ளையினப் பெண்ணும் கறுப்பினப் பையனும் விரும்புகிறார்கள். தாயும் பள்ளியும் ஊரும் நெருக்க, அந்தப் பெண்ணே விலகிக்கொள்கிறாள். 1966-இல் இசைத்தட்டு வந்தபோது பல வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. 1967-இல் இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன், தாம் வழங்கிய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரைப் பாடவைத்த பிறகுதான் பாட்டு பரவியது. பரவிய பிறகும் மேடையில் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்து வசை பாடியவர்கள் இருந்தார்கள். நியூசிலாந்துப் பாடகி லோர்ட் 1996 நவம்பரில் பிறந்தவர். 2013-இல், பதினாறு வயதில், அவர் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. இப்படி எழுதுகிறவளுக்குப் பதினாறுதானா என்ற சந்தேகம் கிளம்பி, கடைசியில் அவருடைய பிறப்புச் சான்றிதழையே தேடியெடுத்து வெளியிட்டார்கள். எங்கள் ஊர் ஆள் கேட்ட "யார் எழுதிக் கொடுத்தது?" என்பதும் அந்தச் சான்றிதழ்த் தேடலும் ஒரே சந்தேகத்தில் பிறந்தவை.

நம் மண்ணில் இந்தச் சந்தேகத்துக்கு இடமே இருக்கக்கூடாது. 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் ஆண்டாள் பாடினார். மரபு அவரை இளம்பெண்ணாகவே வைத்திருக்கிறது. மார்கழியில் திருப்பாவை முப்பதும், கல்யாண வீடுகளில் நாச்சியார் திருமொழியில் உள்ள வாரணமாயிரமும் ஒலிக்கின்றன. நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் உடலின் தவிப்பைப் பேசும் மற்ற பாசுரங்களை யாரும் என் கூடத்தில் பதிவு செய்யக் கேட்டதில்லை. எட்டயபுரத்துச் சுப்பையா பதினொரு வயதில் 'பாரதி' பட்டம் பெற்றதைப் பள்ளிப் பிள்ளைகள் மேடையில் ஒப்பிக்கிறார்கள். அதே பாரதி, தாம் பத்து வயதில் கொண்ட காதலைப் பிற்காலத்தில் பாட்டாகவே எழுதிவைத்ததை மேடையில் சொல்வதில்லை. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் போட்டிகளில் சிறுமிகள் பாடுகிறார்கள். அதில் தலைவியின் ஏக்கமும் இருக்கிறது, பரிசும் கிடைக்கிறது.

ஆகவே வயதுக்கு மீறிய சொற்களைப் பிள்ளை பாடுவதில் நமக்கு எந்தத் தடையும் இல்லை. அந்தச் சொற்கள் கடவுளுடையதாகவோ, காலமான கவிஞருடையதாகவோ, திரைப்படக்காரருடையதாகவோ இருந்தால் போதும். அவை அவளுடையவை என்று தெரிந்த நொடியில் ஊர் பதறுகிறது. அவள் நம்மைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைக்கிறது. அந்தப் பதற்றத்துக்கான விலையை ஒரு பிள்ளை கொடுக்கவேண்டியதில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பாராட்டிலும் ஒரு கெடுதல் இருந்தது. "தெய்வக் குழந்தை", "ஞானசம்பந்தர் மாதிரி", "அம்மன் நாவில் வந்து எழுதியிருக்கிறாள்" என்றெல்லாம் சொன்னார்கள். அவள் உட்கார்ந்து, யோசித்து, அடித்துத் திருத்தி எழுதியதை அம்மனுக்குக் கொடுத்துவிட்டால் அவளுக்கு என்ன மிச்சம்? அவளுடைய நோட்டை நான் பார்த்திருக்கிறேன். 'காலடி கேட்டவுடன்' என்ற இடத்தில் முதலில் 'வாசலில் வந்தவுடன்' என்று எழுதி அடித்திருந்தாள். கேட்டபோது, "வாசல் என்றால் அவள் பார்த்துவிடுகிறாள் மாமா. சத்தம் மட்டும் போதும்" என்றாள்.

அந்தப் பாட்டைப் பதிவு செய்ய அவளும் அம்மாவும் கூடத்துக்கு வந்தார்கள். நான்கரைக் கட்டைச் சுருதி; தம்புராவும் ஒரு புல்லாங்குழலும் மட்டும். பதிவுக்குப் பிறகு குரலைச் சுத்தம் செய்வது வழக்கம். வரிகளுக்கு நடுவில் பாடுபவர் இழுக்கும் மூச்சைக் குறைப்போம், பல இடங்களில் வெட்டியே எடுத்துவிடுவோம். பெரிய பாடகர்களே அதைத்தான் கேட்பார்கள். இரண்டாவது வரிக்குப் பின்னால் வந்த மூச்சை நான் வெட்டியதும், ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தாள்.

"அந்த மூச்சு இருக்கட்டும் மாமா."

"ஏன் பிள்ளை? கேட்க நன்றாக இருக்காதே."

"அவள் தூங்குவது மாதிரி நடிக்கிறாள் இல்லையா? தூங்குகிறவர்கள் மூச்சு சீராக வரும். நடிக்கிறவர்களுக்கு அப்படி வராது. அது கேட்கவேண்டும்."

வெட்டியதைத் திருப்பி வைத்தேன். பிறகு மைக்கைச் சற்று நெருக்கமாக வைத்து அந்த இடத்தை மட்டும் மறுபடி பாடச் சொன்னேன். மூச்சு ஒரு நொடி தடைப்பட்டு வெளியே வந்தது. இதை எந்த வயதில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறவர்கள், அவள் எப்படிக் கற்றுக்கொண்டாள் என்பதையும் கேட்கவேண்டும்.

பீடித் தெருவில் கற்றுக்கொண்டாள். மத்தியானத்தில் நாலைந்து பெண்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். மடியில் சுளகு, அதில் இலையும் தூளும் நூலும் கத்தரியும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. கை நிற்கக்கூடாது, வாய்க்கு மட்டும் ஓய்வில்லாத பேச்சு. பிள்ளை பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும். அதற்கு ஒன்றும் புரியாது என்று நினைத்து எல்லாவற்றையும் பேசுவார்கள். கதவு ஒருத்தி சொன்னது. கண்ணை மூடிக்கொண்டது வேறொருத்தி, சிரித்துக்கொண்டே சொன்னது. இரண்டையும் ஒரே இரவில் வைத்தது மட்டும் இவள் வேலை.

ஊருக்கு இது தெரியாது. கொடை முடிந்த வாரத்தில் அவள் அம்மா கூடத்துக்குத் தனியாக வந்தார். "அண்ணாச்சி, அந்தப் பாட்டை அழித்துவிடுங்கள். என் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை. ரேஷன் கடையில் வைத்து ஒருத்தி கேட்கிறாள், குடிப்பாரா என்று. அவர் காதுக்குப் போனால் என்ன நினைப்பார்?" சொல்லும்போது அவருக்குக் குரல் நடுங்கியது. அவருடைய பயத்தில் நியாயம் இருந்தது. பாட்டு எழுதினால் அது வீட்டு வாக்குமூலம் என்று எடுத்துக்கொள்கிறது ஊர். ஆண்பிள்ளை எழுதினால் கற்பனை என்று விட்டுவிடும். "நீங்கள் சொன்னால் அழித்துவிடுகிறேன் அக்கா. அதற்கு முன்னால் திண்ணையில் இருப்பவர்களுக்கு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்" என்று ஒரு பென்டிரைவில் பதிந்து கொடுத்தேன்.

திண்ணையில் நடந்ததை அவர் பிறகு சொன்னார். மூத்த பெண்மணி ஒருவர் முதலில், "கதவு நான்தான்" என்றாராம். கண்ணை மூடியது யார் என்பதில் இரண்டு பேருக்குள் சண்டையே வந்ததாம். மறுபடி போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ரேஷன் கடையில் கேட்டவளுக்கு அந்த மூத்த பெண்மணியே பதில் சொல்லிவிட்டார். பாட்டை அழிக்கச் சொல்லி மறுபடி யாரும் வரவில்லை.

ஒரு தயாரிப்பாளர் வந்தார். பாட்டு அவருக்குப் பிடித்திருந்தது. பெரிய பாடகி ஒருவரை வைத்துப் பாடவைக்கலாம், எழுதியவர் பெயரைக் கீழே போட்டுக்கொள்ளலாம், சிறுமிக்கு வேறு ஒரு அம்மா பாட்டு தரலாம் என்றார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிள்ளையின் நலனில் அக்கறை இருப்பவர்களுக்குக் கேட்கவேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன. அவள் எத்தனை மணிக்கு மேடையேறுகிறாள்? எப்படி வீடு திரும்புகிறாள்? சுவரொட்டியில் யாருடைய கைப்பேசி எண் இருக்கிறது? பணம் யார் கைக்குப் போகிறது? கொடைக் கச்சேரி பத்து மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டிப் போகும். குழந்தைக் கலைஞர்களுக்கான மத்திய அரசு விதிகள் 2017-இல் வந்தன: வணிக நிகழ்ச்சிக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கி வைப்புத்தொகையாகப் போடவேண்டும். இவற்றைப் பற்றி ஒரு விழாக்குழுவும் என்னிடம் பேசியதில்லை. பாட்டின் பொருளைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ் பதின்மூன்று வயதில் எழுதிய ஒரு பாட்டைப் பதினாறில் பதிவு செய்தார். இசை நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்த பிறகும் உடனே மேடையில் நிறுத்தவில்லை. இரண்டு ஆண்டு போல விட்டுவைத்தது. அந்தக் காலத்தில் அவர் மேலும் எழுதினார். அந்தப் பதின்மூன்று வயதுப் பாட்டு 1978-இல் வந்த முதல் தொகுப்பில், அவர் பாடிப் பதிந்தபடியே இடம்பெற்றது. வார்த்தையைத் தொடாமல் பிள்ளைக்குக் காலம் கொடுத்தார்கள்.

இந்த ஆடிக்கு ஆலங்குளம் பக்கமிருந்து ஒரு விழாக்குழுத் தலைவர் அவளைக் கேட்டு என்னிடம் பேசினார். ஒன்பது மணிக்குள் பாடி முடிக்கவேண்டும், பணம் அவள் பெயரில் உள்ள கணக்குக்குப் போகவேண்டும், எந்தப் பாட்டு என்பதை அவளே முடிவு செய்வாள் என்று மூன்று நிபந்தனை சொன்னேன். முதல் இரண்டுக்கும் உடனே சரி என்றார். மூன்றாவதைக் குழுவில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அவள் அம்மாவிடம் இதைத் தெரிவித்தேன். "மூன்றாவது இல்லையென்றால் முதல் இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் அண்ணாச்சி" என்றார். அப்படியே சொல்லிவிட்டேன்.