சீக்கோ போய்க் குடித்த கசப்பு

போன அக்டோபரில் மச்சினன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். வந்த இரண்டாம் நாளே ஃபிரிட்ஜைத் திறந்து, மூலையில் கிடந்த ஒரு பாட்டிலை எடுத்து, ரெண்டு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"என்ன அத்தான், இன்னும் பேல் ஏல்தானா? இதெல்லாம் எங்கப்பா காலத்துப் பீர்."

அவனுக்குக் கலங்கலாக இருக்க வேண்டும், மாம்பழம் மணக்க வேண்டும், கசப்பே தெரியக் கூடாது. பெங்களூரில் வார இறுதிதோறும் ஒரு மைக்ரோப்ரூவரி, அதாவது சின்ன பீர் ஆலை, பார்த்து வளர்ந்த நாக்கு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவன் கையிலிருந்த பாட்டிலை வாங்கி நானும் ஒரு மடக்கு குடித்ததும் கோபம் போய்விட்டது. நனைந்த அட்டைப்பெட்டியை மென்றதுபோல இருந்தது.

தப்பு பீர் மேல் இல்லை. ஜூலையில் பன்னிரண்டு பாட்டில் பெட்டி ஒன்றை வாங்கி, கார் டிக்கியில் வைத்து மூன்று நாள் மறந்துபோனேன். கலிஃபோர்னியாவின் கோடை வெயிலில் டிக்கி என்பது கிட்டத்தட்ட அடுப்பு. சூட்டில் பீர் சீக்கிரம் கிழடாகும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசனை முதலில் போகும், அப்புறம் அந்த அட்டை ருசி ஏறும். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே, கொட்ட மனம் வராமல் மிச்ச நான்கு பாட்டிலையும் ஃபிரிட்ஜில் தள்ளி வைத்திருந்தேன். அதில் ஒன்றுதான் மச்சினன் கையில் மாட்டியது.

"மாப்ளே, இதை வெச்சுத் தீர்ப்பு சொல்லாதே. சனிக்கிழமை அது பிறந்த ஊருக்கே போறோம்" என்றேன்.

அந்த ஊர் வட கலிஃபோர்னியாவில் இருக்கும் சீக்கோ. அங்கே இருப்பது சியர்ரா நெவாடா ப்ரூவரி. அமெரிக்கப் பேல் ஏல் என்று இன்று உலகம் முழுக்கக் காய்ச்சுகிறார்களே, அதற்கு வாய்ப்பாடு போட்டுக் கொடுத்தது இவர்களுடைய பேல் ஏல்தான்.

நாங்கள் இருக்கும் ஃப்ரீமாண்டிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். நானும் மச்சினனும் குடிக்கப்போகிறவர்கள் என்பதால் வண்டியை ஓட்டியது மனைவி. அவள் பீரைத் தொடுவதில்லை. "உங்க ரெண்டு பேர் சண்டையைத் தீர்க்க நான் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டணுமா?" என்று ஒரு தடவை கேட்டாள், அவ்வளவுதான். சாக்ரமெண்டோ தாண்டி 99ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் ஏறியதும் நிலம் தட்டையாகிவிடுகிறது. யூபா சிட்டியைச் சுற்றிப் பழத்தோட்டங்கள், நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே விவசாயம் செய்யும் பஞ்சாபிக் குடும்பங்கள். மேற்கே சட்டர் பியூட்ஸ் குன்றுகள், சமவெளியின் நடுவில் யாரோ கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனதுபோல. அதற்கப்புறம் நெல்வயல். தஞ்சாவூர்க்காரியான என் மனைவி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள். அறுத்த தாளடி வாசனை எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல. இங்கே விதைப்பது மட்டும் சிறு விமானத்தில். தண்ணீர் கட்டிய வயலில் வானத்திலிருந்து விதை தூவுவார்கள் என்று சொன்னேன். மச்சினன் நம்பவில்லை, போனில் தேடிப் பார்த்த பிறகுதான் வாயை மூடினான்.

ப்ரூவரி சீக்கோவின் கிழக்கு 20ஆம் தெருவில் இருக்கிறது. வண்டியை விட்டு இறங்கியதுமே வாசனை. வேகவைத்த தானியம், லேசான இனிப்பு. பொங்கல் பானை பொங்கி வழிந்து அடியில் கொஞ்சம் பிடித்தால் வருமே, அது. வாகனம் நிறுத்தும் இடத்தின் மேலே சூரியத் தகடுகளையே கூரையாகப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் சொந்த ஹாப்ஸ் தோட்டமும் உண்டு. புடலங்காய்ப் பந்தலைவிட மூன்று மடங்கு உயரத்தில் கம்பங்கள் நட்டு, கயிறு கட்டி ஏற்றும் கொடி அது. நாங்கள் போனபோது அறுவடை முடிந்து வெறும் கம்பங்கள்தான் நின்றன.

கென் கிராஸ்மன் இங்கே 1976இல் தொடங்கியது ப்ரூவரி இல்லை, வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்களுக்குச் சாமான் விற்கும் கடை. அப்போது அமெரிக்கா முழுவதும் சேர்த்தே நூறு ப்ரூவரிகள்கூடத் தேறாது. எல்லாம் பெரிய கம்பெனிகள், எல்லாம் ஒரே மாதிரி, லாகர் என்னும் வெளிறிய லேசான பீர். இன்று ஒன்பதாயிரத்துக்கு மேல். கிராஸ்மனும் அவர் கூட்டாளி பால் கமூசியும் பழைய பால் பண்ணைத் தொட்டிகளையும் குளிர்பானக் கம்பெனி கழித்துக் கட்டிய பாட்டில் நிரப்பும் எந்திரத்தையும் வைத்து ஒரு வாடகைக் கிடங்கில் ஒட்டுப்போட்டு ஆலையைக் கட்டினார்கள். 1980 நவம்பரில் முதல் காய்ச்சல். அது ஸ்டவுட் என்னும் கருப்புப் பீர். பேல் ஏல் அதற்கு அடுத்து. ஆனால் உடனே விற்கவில்லை. ஒரு காய்ச்சல் போல அடுத்த காய்ச்சல் வரவில்லை என்று ஏறக்குறைய பத்துத் தடவை காய்ச்சியதைச் சாக்கடையில் கொட்டியிருக்கிறார்கள். கடன் வாங்கித் தொடங்கிய தொழில், கையில் காசு இல்லாத நேரம்.

இதைக் கேட்டபோது மச்சினன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் நாலு பாட்டிலைக் கொட்ட மனமில்லாதவன் என்பது அவனுக்குத் தெரியும்.

உள்ளே சுற்றிக்காட்டுகிறார்கள். ஜெர்மனியில் மூடிப்போன ஒரு ப்ரூவரியிலிருந்து வாங்கிவந்த செம்புக் கொப்பரை, கல்யாண வீட்டு அண்டாவின் தாத்தா மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது ஹாப்ஸ் குளிர் அறைதான். பல ஆலைகள் ஹாப்ஸை அரைத்து அழுத்திய வில்லைகளைப் போடும். இவர்கள் காய்ந்த முழுப் பூவையே போட்டுப் பேர் வாங்கியவர்கள். சுற்றிக்காட்டிய பெண் உள்ளங்கையில் ஒரு பூவை வைத்து, கசக்கி முகரச் சொன்னார். பச்சைச் செதில்களுக்கு நடுவே மஞ்சள் தூள், மகரந்தம் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. கசப்பும் மணமும் அந்தத் தூளில்தான். கை கழுவிய பிறகும் சாயங்காலம்வரை விரலில் இருந்தது.

அந்தப் பூவின் பெயர் கேஸ்கேட். ஓரிகன் மாநிலத்தில் அரசாங்க ஆராய்ச்சியில் உருவாக்கி 1972இல் வெளியிட்ட ரகம். ஐரோப்பிய ஹாப்ஸ் போல அடக்கமாக மணக்காமல், எலுமிச்சைச் சாதிப் பழத்தோல் போலத் தூக்கலாக மணப்பதால் பெரிய கம்பெனிகள் தயங்கின. சின்ன ஆட்கள் அந்தத் தூக்கலையே பிடித்துக்கொண்டார்கள். கேஸ்கேட் ஒரு மலைத்தொடரின் பெயர், சியர்ரா நெவாடா இன்னொரு மலைத்தொடரின் பெயர். ரெண்டும் ஒரே பாட்டிலில்.

சரி, கோப்பைக்கு வருவோம்.

பேல் என்றால் வெளிர். ஆனால் மேசைக்கு வந்தது வெளிராகவா இருந்தது? தேனில் கொஞ்சம் தண்ணீர் கலந்த நிறம். மச்சினன் உடனே பிடித்துக்கொண்டான், "இது என்ன வெளிர்?" பெயர் வைத்தது இங்கிலாந்தில், வைத்த காலத்தில் மற்ற பீர்கள் எல்லாம் கருப்பும் பழுப்பும். முளைகட்டிய பார்லியை விறகுப் புகையில் காயவைத்தால் கருகும், புகை நாற்றமும் ஏறும். நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கோக் கரி வந்த பிறகு புகையில்லாமல், நிறம் மாறாமல் காயவைக்க முடிந்தது. அந்தக் கருப்புக் கூட்டத்தில் இது வெளிர். மாநிறப் பிள்ளையை வீட்டில் 'வெள்ளையா' என்று கூப்பிடுவதில்லையா?

எங்கள் ஊர்ப் பக்கம் பீர் வாங்குகிறவர் கேட்கும் ஒரே கேள்வி, "கூலிங் இருக்கா?" அந்த வெயிலுக்கு அதுதான் நியாயம். ஆனால் பல் கூசும் குளிரில் நாக்கு மரத்துப்போகும், மூக்குக்கும் ஒன்றும் எட்டாது. பேல் ஏலை எடுத்துக் கொஞ்ச நேரம் சும்மா வைக்க வேண்டும். பத்து நிமிடம் வைத்தேன். மச்சினனுக்குப் பொறுமையில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் பிரெட்சலில் பாதி போய்விட்டது.

நுரை அழுக்கு வெள்ளை, அடர்த்தி. குடிக்கக் குடிக்கக் கண்ணாடியில் வளையம் வளையமாக ஒட்டி நின்றது. எத்தனை மடக்கு என்று அதை வைத்தே எண்ணிவிடலாம். மூக்கை வைத்தால் பழத்தோல், பைன் மரப் பிசின், எங்கோ பின்னால் ஒரு பூ. நான் சாத்துக்குடித் தோல் என்றேன். மச்சினன், படித்ததை ஒப்பிப்பவன் மாதிரி, கிரேப்ஃப்ரூட் என்றான். லெமனேடு குடித்துக்கொண்டிருந்த மனைவி கோப்பையை இழுத்து ஒரு தடவை முகர்ந்துவிட்டுத் திருப்பித் தள்ளினாள்.

"நாரத்தங்காய். அறுத்த உடனே, உப்பு அடைக்கிறதுக்கு முன்னாடி."

நாங்கள் ரெண்டு பேரும் திரும்ப முகர்ந்தோம். நாரத்தங்காயேதான். மாமியார் முற்றத்தில் உட்கார்ந்து சுருள் சுருளாக அறுப்பார்களே, கத்தி தோலில் இறங்கும்போது தெறிக்கும் அந்த எண்ணெய். அதற்கப்புறம் எனக்கு வேறு வாசனையே வரவில்லை.

முதல் மடக்கில் நாக்கின் நுனியில் இனிப்பு. சர்க்கரை இனிப்பு இல்லை, வறுத்த ரொட்டியின் ஓரம் மாதிரி. பார்லியின் வேலை. அது போகும் முன்னே நடுநாக்கில் பழத்தோல். விழுங்கின பிறகுதான் அடிநாக்கில் கசப்பு. நமக்குக் கசப்பு என்றால் பாகற்காய், வேப்பம்பூ ரசம், சுண்டைக்காய் வற்றல். பாகற்காய்க் கசப்பு வந்தால் உட்கார்ந்துவிடும், மோர் விட்டுத்தான் கிளப்ப வேண்டும். இது உட்காருவதில்லை. இருபது எண்ணுவதற்குள் எழுந்து போய்விடுகிறது, போனதும் வாய் சுத்தமாகி இன்னொரு மடக்கு கேட்கிறது. கசப்பை அளக்க ஓர் எண் வைத்திருக்கிறார்கள். இதற்கு 38. பெருங்கம்பெனி லாகர்களில் அது பத்தையொட்டித்தான் இருக்கும். 1980இல் இதைக் குடித்தவர்கள் மிரண்டிருப்பார்கள். இன்றோ எழுபது, எண்பது என்று போய், அங்கிருந்து ஹேஸி என்னும் கலங்கல் பீருக்குத் திரும்பி வந்த தலைமுறைக்கு இது சாது.

சாராயச் சத்து 5.6 சதம். ஊரில் 'ஸ்ட்ராங்' என்று விற்பது எட்டு வரை போகும். போதைக்குக் குடிப்பவருக்கு இது சரிப்படாது.

குறை இல்லாமல் இல்லை. அரைக் கோப்பைக்கு மேல் சூடேறியதும் அந்த ரொட்டி இனிப்பு முன்னுக்கு வந்து பழத்தோலைக் கொஞ்சம் மறைக்கிறது. நான் மெதுவாகக் குடிப்பவன், அதனால் கடைசி கால்வாசி எப்போதும் எனக்கு ஒரு படி கீழே. நாரத்தை மணம் இன்னும் பத்து நிமிடம் தாங்கியிருந்தால் பத்துக்கு ஒன்பது போட்டிருப்பேன். எட்டரை.

மச்சினன் ஏழு என்றான். அப்புறம் தன் கட்சிக்கு ஒரு ஹேஸி சொன்னான். மாம்பழம், அன்னாசி, பால் மாதிரி வழவழப்பு, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பேல் ஏல் கோப்பை காலி, ஹேஸி பாதிக்கு மேல் நிற்கிறது. சுட்டிக்காட்டினேன். "திகட்டுது, அவ்வளவுதான். அதுக்காக ஏழு எட்டாகாது" என்றான்.

ராத்திரி சீக்கோவிலேயே தங்கினோம். காலையில் ஒரு சுற்று பாரடைஸ் பக்கம் போனோம், இருபது கிலோமீட்டர் இருக்கும். 2018 நவம்பர் 8ஆம் தேதி காட்டுத்தீயில் ஊரே எரிந்துபோன இடம், 85 பேர் இறந்தார்கள். கருகிய மரங்களுக்கு நடுவே புது வீடுகள் எழும்பியிருக்கின்றன. வாசற்படி மட்டும் மிஞ்சிய மனைகளும் உண்டு. அப்போது இந்த ப்ரூவரி ரெசிலியன்ஸ் என்று ஒரு பீரைக் காய்ச்சி, செய்முறையை எல்லாருக்கும் கொடுத்து, விற்ற பணம் முழுவதையும் நிவாரணத்துக்கு அனுப்பும்படி நாட்டிலுள்ள மற்ற ப்ரூவரிகளையும் கேட்டது. ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட இடங்களில் அதைக் காய்ச்சினார்கள். மச்சினன் வண்டியில் ரொம்ப நேரம் பேசவில்லை.

திரும்பும் வழியில் மறுபடி ப்ரூவரி கடையில் நிறுத்தி ஒரு பன்னிரண்டு பாட்டில் பெட்டி வாங்கினேன். பாட்டிலில் அடைத்த தேதியைப் பார்த்தேன், இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மணி பன்னிரண்டு, வெயில் சுள்ளென்று அடித்தது. டிக்கியைத் திறந்து பெட்டியை உள்ளே வைக்கப் போனேன்.

"அத்தான்," என்று மச்சினன் கையைப் பிடித்தான். பெட்டியை வாங்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறி மடியில் வைத்துக்கொண்டான். "அக்கா, ஏசியைக் கொஞ்சம் பின்பக்கம் திருப்பு."

சாக்ரமெண்டோ வரும்போது திரும்பிப் பார்த்தேன். பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.