வலது கையின் இரண்டு விரல்கள்

மார்ச் 3, ஞாயிறு

ஏழு வருடமாக மூடிக் கிடந்த பைக்கின் உறையை இன்று உருவினேன். மகன் பிறந்த வருடம் நிறுத்தியது. யார் கேட்டாலும் “நேரமே இல்லை” என்றுதான் சொல்லி வந்தேன். மகன் பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு வளைவில், மணல் மேல் முன் பிரேக்கைக் கவ்விப் பிடித்துக் கீழே விழுந்ததை யாரிடமும் சொன்னதில்லை. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் சாவியை எடுக்கக் கை போகவில்லை.

பேட்டரி செத்திருந்தது. டாங்க்கைத் திறந்தால் பெட்ரோல் வாசனை போய் வார்னிஷ் நெடி அடித்தது. டயரின் பக்கவாட்டில் 1815 என்று நான்கு இலக்கம்: 2015-ம் ஆண்டின் 18-வது வாரத்தில் செய்தது. பள்ளம் நன்றாகத்தான் இருக்கிறது, ரப்பர்தான் கட்டையாகிவிட்டது.

மார்ச் 9, சனி

மெக்கானிக் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. பேட்டரி, இரண்டு டயர், செயின், பிரேக் ஆயில் எல்லாம் புதிது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளுமாம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னார். ஹெல்மெட்டும் புதிது. பழையதன் உள்பஞ்சு கையோடு உதிர்ந்து வந்தது.

அவர் போனதும் ஏறி உட்கார்ந்தேன். சைடு ஸ்டாண்டை எடுக்காமலே இறங்கிவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

காலை ஆறு மணி, ஆளில்லாத மைதானம். முதல் பத்து நிமிடத்தில் மூன்று முறை வண்டி ஆஃப் ஆனது. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்பதைக் கை மறந்திருக்கிறது. சரி, அதையே பாடமாக வைத்துக்கொள்ளலாம் என்று, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மெல்ல விட்டு, வண்டி அசையும் இடத்தில் மறுபடி அமுக்கி, இருபது முறை செய்தேன். அப்புறம் நடைவேகத்தில் எட்டு போட்டேன். வேகமாகப் போனால் வண்டி தானாகவே சாயாமல் நிற்கும், மெதுவாகப் போகத்தான் வித்தை வேண்டும். ஹாஃப் கிளட்ச், பின் பிரேக்கில் லேசாகக் கால், போக வேண்டிய பக்கம் தலை. முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்த போதெல்லாம் காலை ஊன்ற வேண்டி வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஒரு மணி நேரத்தில் முன் பிரேக்கை ஒரு தடவைகூடத் தொடவில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கைப்பிடியைவிட்டு அசையவே இல்லை.

மார்ச் 12, செவ்வாய்

மழை. வண்டியைத் துடைத்து வைத்தேன்.

மார்ச் 17, ஞாயிறு

இன்று முழுக்க அந்த இரண்டு விரல்களுக்குத்தான். பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாயும், பின் சக்கரம் லேசாகும். அதனால் காய்ந்த தார் ரோட்டில் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. அன்றைக்கு என்னைத் தள்ளியது பிரேக் மட்டுமல்ல: மணல், திரும்பியிருந்த ஹேண்டில், சடாரென்று கவ்விய கை, மூன்றும் ஒரே நொடியில் சேர்ந்துகொண்டன. ஏழு வருடமாக ஒருவன் மேலேயே பழி போட்டிருக்கிறேன்.

ஹேண்டிலை நேராக வைத்து, முதலில் தொட்டு, எடை முன்னால் வரும்வரை பொறுத்து, பிறகு இறுக்க வேண்டும். ஈரத்துணி பிழிகிற மாதிரி. 20 கிலோமீட்டர் வேகத்தில் பிடித்து, நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். 40-ல் இரண்டு மடங்கு தூரம் போகும் என்று நினைத்தால், கிட்டத்தட்ட நான்கு மடங்கு போய் நின்றது. கணக்கில் படித்ததுதான். கோட்டைத் திரும்பிப் பார்த்தபோது வயிற்றை என்னவோ செய்தது.

மார்ச் 23, சனி

ரோட்டுக்கு வந்தாயிற்று. குழி ஒன்றைத் தூரத்திலேயே பார்த்தேன், பார்த்துக்கொண்டே போய் அதிலேயே இறக்கினேன். கண் போகும் இடத்துக்குத்தான் வண்டி போகிறது. அடுத்த குழிக்கு, பக்கத்தில் இருந்த நல்ல ரோட்டைப் பார்த்தேன், தப்பித்தேன்.

60-ல் போகும்போது யோசிக்கிற ஒரு நொடிக்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் போய்விடும். பிரேக் தொடுவதற்கு முன்னால் ஆகிற செலவு அது. அதனால் முன்னால் போகிற காரை ஒட்டிப் போகிற பழக்கத்தை விட்டுவிட்டேன். பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும்.

மார்ச் 31, ஞாயிறு

விழுந்த வளைவுக்கே போனேன். ஓரத்தில் இன்றும் மணல் கிடந்தது. வளைவுக்கு நன்றாக முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கிலும் வேகத்தைக் குறைத்து, விரல்களை விட்டு, வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தபடி சாய்ந்தேன். தோள் மட்டும் கல்லாக இருந்தது. திரும்பி வந்து இன்னொரு முறை போனேன், அப்போது கொஞ்சம் இளகியது.

வீட்டில், “அடுத்த ஞாயிறு நானும் பின்னால வரட்டுமா?” என்றாள் மனைவி.

“முதல்ல மைதானத்துக்கு வா. பின்னால ஆள் இருந்தா நிறுத்துற கணக்கே மாறிடும்.”

“மைதானத்துக்கா கூட்டிட்டுப் போறீங்க?” என்று சிரித்தாள்.

பின் டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும்.