சிக்னலில் நின்றால் மட்டும் உதறும் கார்

ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. கிண்டி சிக்னலில் பிரேக்கை மிதித்து நின்றால் போதும், ஸ்டியரிங் கையில் அதிரும், பின்சீட்டிலிருந்து அம்மா "என்னடா இப்படி உதறுது" என்பார். ஏசி போட்டால் இன்னும் மோசம். சென்னை வெயிலில் போடாமல் இருக்க முடியுமா? மூணு சிலிண்டர் வண்டிகளுக்கு நிற்கும்போது லேசான அதிர்வு கூடப் பிறந்தது. என்னுடையது நாலு சிலிண்டர் பெட்ரோல், ஆட்டோமேட்டிக்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் பிளக் நாலையும் மாற்றி, இன்ஜினுக்குள் காற்றை அளந்து விடும் திராட்டில் பாடியைக் கழுவிக் கொடுத்தார்கள். உதறல் அப்படியே இருந்தது. பிளக்கோ அதற்கு மின்சாரம் தரும் காயிலோ போனால் சிலிண்டர் வெடிக்காமல் விட்டு விட்டு வண்டி மிஸ்ஸிங் அடிக்கும், திராட்டிலில் கரி படிந்தால் ஐடிலிங், அதாவது நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம், ஏறி இறங்கும், அதெல்லாம் சரிதான். ஆனால் என் வண்டியில் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் 750-ஐ ஒட்டி அசையாமல் நின்றது, செக் இன்ஜின் விளக்கும் எரியவில்லை. அதை யாரும் பார்க்கவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

புதுப்பேட்டையில் பார்த்த மெக்கானிக் ஸ்பேனரையே தொடவில்லை. "சார், கியர டி-ல, டிரைவ்ல போட்டு பிரேக்க நல்லா மிதிங்க. இப்ப நியூட்ரல்." நியூட்ரலில் உதறல் சட்டென்று அடங்கியது. மறுபடி டி, மறுபடி உதறல். "மிஸ்ஸிங்னா நியூட்ரல்லயும் காட்டிக் கொடுக்கும் சார். இது மவுண்டிங் மாதிரி தெரியுது."

டி-யில் பிரேக் பிடித்து நிற்கும்போது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் வழியாக இன்ஜின் சக்கரத்தைத் தள்ளப் பார்க்கும். அந்த முட்டலைத் தாங்குவது, இன்ஜினை வண்டியின் பாடியோடு பிணைக்கும் மவுண்டிங்கில் உள்ள ரப்பர். 750 ஆர்பிஎம்மில் நாலு சிலிண்டருமாகச் சேர்ந்து விநாடிக்கு 25 தடவை வெடிக்கின்றன. ரப்பர் செத்துவிட்டால் அத்தனை அடியும் பாடிக்கு வந்துவிடும்.

பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். ரப்பர் குறுக்கே பிளந்து, பிராக்கெட் இரும்பின் மேல் இரும்பாக உட்கார்ந்திருந்தது. "டூப்ளிகேட் வேணாம் சார், ரப்பர் கல்லு மாதிரி இருக்கும், புதுசு போட்டும் அதிரும்" என்று கம்பெனி சாமான்தான் வாங்கச் சொன்னார். இன்ஜினுக்கு அடியில் கட்டை வைத்து ஜாக்கியில் தாங்கிக்கொண்டு மாற்றினார். ஒன்று போனால் அதன் பாரம் மற்றவற்றில் விழும் என்று, மீதி மவுண்டிங்கையும் கையோடு பார்த்தார். அவை நன்றாக இருந்தன.

இப்போது டி-யில் நின்றாலும் ஸ்டியரிங் அமைதி. ஏசி கம்ப்ரஸர் பிடிக்கும் நொடியில் மட்டும் சின்ன அசைவு, ஆர்பிஎம் கொஞ்சம் ஏறி நிலைக்கிறது. அது எல்லா வண்டிக்கும் உள்ளதுதானாம்.